முதல் புக்கிங் ஏழு வயலுக்கு அங்கால

1. தொடக்கம்

கல்முனையில் பன்னிரண்டு வருடம் போன் திருத்தினேன். இலங்கையில் டொலர் முடிந்ததும் போன் டிஸ்பிளே வருவது நின்றது. கடை சும்மா கிடந்தது. மனைவியின் தம்பி றிஸ்விக்குக் கொழும்பில் சொப்ட்வெயார் வேலை. அதுவும் போய்விட்டது.

இருவரும் ஒரு ஆப் செய்தோம். நெல்வெட்டு மெஷினை விவசாயி போனிலேயே புக் பண்ணலாம். புரோக்கர் தேவையில்லை. முதலில் புக் பண்ணியவருக்கு முதலில் மெஷின். நியாயமான ஒழுங்கு என்று நினைத்தோம்.

கரண்ட் வரும் நேரம் பார்த்து றிஸ்வி வேலை செய்தான். சேர்வருக்கு டொலரில் கட்ட வேண்டும். கட்டாரிலிருந்து என் தம்பி கட்டினான். "ஒரு போகந்தான் காக்கா. ஓடினா ஓடட்டும், இல்லாட்டி நிப்பாட்டிருவன்" என்றான்.

2. முதல் நாள்

மெஷின்காரர் ஒருவர்தான் சேர்ந்தார், ஹனீபா காக்கா. இரண்டு நாள் வரிசையில் நின்று எடுத்த டீசலோடு வந்தார். முதல் புக்கிங் ஆதம்பாவா. அவருடைய வயல் எது என்று, தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையிடம் கேட்டேன்.

"அந்தா, ஏழு வயலுக்கு அங்கால."

"மெஷின் எப்படிப் போற?"

"அத ஒங்கட போன்ட்ட கேளுங்க."

நடுவில் ஏழு வயலிலும் நெல் நின்றது. பாதையோரத்திலிருந்து வெட்டிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். புரோக்கர்மார் அப்படித்தான் செய்தார்கள். நாங்கள் கடற்கரைப் பக்கத்து ஆட்கள். வயலில் கால் வைத்ததில்லை.

"இது ஒங்களுக்குத் தெரியாதா காக்கா?" என்று ஹனீபா காக்காவிடம் கேட்டேன்.

"நான் நெனச்ச, ஒங்கட ஆப் அதெல்லாம் பாத்து வச்சிரிக்கும் எண்டு."

முன் வயல்காரர் ஒருவரும் புக் பண்ணவில்லை. ஆள் விட்டுக் கூப்பிட்டோம். நண்பகல் லுஹர் தொழுகை வரை மெஷின் சும்மா நின்றது. பிறகு வட்டவிதானை வரிசை சொன்னார், நான் பையில் கிடந்த டிஸ்பிளே அட்டைப்பெட்டியின் பின்பக்கம் எழுதினேன். மாலைக்குள் நாலு வயல் வெட்டினோம்.

ஆதம்பாவா வரம்பிலேயே இருந்தார். "எப்பவும் நான்தான் கடைசி தம்பி. இந்தமுற முதல் எண்டுதானே புக் பண்ணின" என்றார்.

மறுநாள் மழை. அவருடைய நெல் படுத்துவிட்டது.

3. பிறகு

றிஸ்வி ஒழுங்கை மாற்றினான். ஆளுக்கு அல்ல, வயல்வெளி முழுவதற்கும் ஒரே புக்கிங். வரிசையை வட்டவிதானை போடுவார். அதற்குள் அறுவடை முடிந்திருந்தது. சொன்னபடி கட்டார் தம்பி காசு கட்டுவதை நிறுத்தினான். றிஸ்வி டுபாய்க்குப் போனான். நான் திரும்பவும் போன் திருத்துகிறேன். ஆதம்பாவாவும் கடைக்கு வருவார். வயலைப் பற்றி இருவரும் கதைப்பதில்லை.

தொழில் தொடங்கப் போகிறவர்கள் என்னிடம் வந்து, நாடு சரியில்லை என்கிறார்கள். ஓம், சரியில்லை. கரண்ட் இல்லை, டொலர் இல்லை, டீசல் இல்லை என்று நானும் நிறையச் சொல்லியிருக்கிறேன். அந்த ஏழு வயலையும் நடந்து பார்க்க இதில் ஒன்றும் தேவைப்பட்டிருக்காது. செருப்பைக் கழற்றினால் போதும்.