கதவைவிட அகலமான டேங்க்

அன்று காலை எங்கள் வாசலில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, மாமா, பக்கத்து அறையில் குடியிருந்த பீகார் அண்ணன், அப்புறம் இஸ்திரி போட்ட சீருடையில் நான். இல்லாதவர் ஒரே ஒருவர், வீட்டுக்காரம்மா. மூலனூரில் அவருக்குத் தோட்டம் இருந்தது. சனிக்கிழமை விடிந்தால் முருங்கைக்காய் விற்க அங்கே போய்விடுவார். அன்று அவர் மட்டும் ஊரில் இருந்திருந்தால் இதை எழுத எனக்கு வாய்த்திருக்காது.

கொரோனாவுக்கு முந்தின வருஷம் அது. நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் கடைசி அறை எங்களுடையது. அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அம்மா அதே கம்பெனியில் செக்கிங். அம்மாவின் தம்பியான மாமா எங்களோடு தங்கி ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். மூவரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அதனால் பள்ளிக்கூடத்தில் எனக்கு என்ன வேலை கொடுத்தாலும் எங்கள் வீட்டில் அதை ஆர்டர் வந்ததுபோலத்தான் எடுத்துக்கொள்வார்கள். எத்தனை பீஸ், என்றைக்கு டெலிவரி என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அந்த வருஷம் வந்த ஆர்டர், பள்ளிக் கண்காட்சி. வகுப்பில் எல்லோரும் எரிமலை செய்வதாகச் சொன்னார்கள். கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது பீடத்தின் மேல் நின்ற பழைய ராணுவ டேங்க் ஒன்றை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். அந்த நினைப்பில் டேங்க் என்று சொல்லிவிட்டேன். டீச்சருக்குச் சந்தோஷம். ஹாலின் நடு மேசை எனக்கு என்றார். ஒரு நிபந்தனையும் போட்டார். சிறப்பு விருந்தினர் வருவதற்குள் டேங்க் மேசைக்கு வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடு மேசை ஏதாவது ஒரு எரிமலைக்குப் போய்விடும்.

வீட்டில் வந்து சொன்னேன். அளவு இல்லாமல் பேட்டர்ன் எப்படிப் போடுவது என்று அப்பா கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் இஞ்ச் டேப்பை உருவி டேங்க்கை ஒரு ஆளை அளப்பதுபோல அளந்தார். நீளம், அகலம், கழுத்துச் சுற்று. குழல் இருக்கும் கூண்டுக்கு அவர் கழுத்து என்றுதான் பேர் வைத்திருந்தார். காவலுக்கு இருந்தவர் ஓடிவந்து என்ன செய்கிறீர்கள் என்று அதட்டினார்.

“சும்மா அளவுக்குத்தானுங்க” என்றார் அப்பா.

எதற்கு அளவு என்று அந்த மனிதர் கேட்கவில்லை. டேங்க்குக்குச் சட்டை தைக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

ஒரு அடிக்கு ஒரு இஞ்ச் என்று அப்பா கணக்குப் போட்டார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அறையே ஒரு கம்பெனி ஆகிவிட்டது. பேட்டர்ன் அட்டையில் அப்பா உடம்பை வெட்டினார். நூல் கோன்களின் அடிப்பாகத்தை நறுக்கி எடுத்ததில் சக்கரங்கள் கிடைத்தன. ஜட்டிக்கு வைக்கும் பட்டை எலாஸ்டிக்கில் அட்டைத் துண்டுகளை ஒட்டியதும் அது டேங்க்கின் சங்கிலிப் பட்டை ஆனது. இழுத்து மாட்டினால் உண்மையிலேயே சுற்றியது. மாமா கம்பி வளைத்துச் சிப்பாய்கள் செய்து, ஏதோ வெளிநாட்டுக் குழந்தைகளின் ஆர்டரில் மிஞ்சிய பச்சைத் துணியில் அவர்களுக்குச் சீருடை தைத்தார். கழுத்தில் சைஸ் லேபிளும் வைத்தார். எங்கள் படையில் எல்லோரும் ஸ்மால். தளபதி மட்டும் மீடியம்.

டேங்க் மட்டும் நின்றால் கடையில் வாங்கினது மாதிரி இருக்கும், சண்டை நடக்கும் இடமும் வேண்டும் என்று மாமாதான் சொன்னார். ஒரு ப்ளைவுட் பலகையின் மேல் கட்டிங் வேஸ்ட் துணியைக் குவித்து, அதன் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றி மலை செய்தோம். பலகையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மலைத்தொடர். நடுவே மணல் பரப்பிய கணவாய். அதன் வழியே டேங்க் வருகிறது. மலை உச்சியில் சிப்பாய்கள் காத்திருக்கிறார்கள். எதிரி யார் என்று நாங்கள் முடிவு செய்யவில்லை. எல்லோருக்கும் ஒரே துணிதான் இருந்தது.

கடைசியாக அம்மாவின் முறை. கம்பெனியில் துணியில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அம்மா அதில் ஒரு ஷீட்டைக் கொண்டுவந்து டேங்க்கைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பெயிண்ட் வழிந்த இடம், பசை தெரிந்த இடம், ஒரு சக்கரம் கோணலாக இருந்த இடம் என்று எதையும் விடவில்லை. காலையில் எல்லாவற்றையும் சரிசெய்து ஸ்டிக்கரை உரித்துவிடலாம் என்று ஏற்பாடு.

காலையில்தான் தெரிந்தது, பலகை கதவு வழியாகப் போகவில்லை.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஏனென்றால் பலகையை வெட்டுவதற்கு முன்னால் அப்பா கதவைத்தான் முதலில் அளந்திருந்தார். வெளியே போக வேண்டுமல்லவா என்று அவரேதான் சொன்னார். இப்போது மறுபடியும் கதவை அளந்தார். பலகையை அளந்தார். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

“சுருக்கத்துக்கு விட்டுட்டேன் மாப்ள” என்றார் மாமாவிடம்.

பனியன் துணி துவைத்தால் சுருங்கும். அதனால் கட்டிங் மாஸ்டர் எந்த அளவைக் கேட்டாலும் அதோடு கொஞ்சம் கூட்டித்தான் வெட்டுவார். தையலுக்கென்று இரண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் விடுவார். இருபது வருஷமாக அந்தக் கைக்கு வேறு விதமாக வெட்டத் தெரியாது.

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஏனுங்க மச்சான், ப்ளைவுட்டை எத்தனை தடவைங்க தொவைக்கோணும்?”

சாய்த்து எடுத்துப் பார்த்தோம். மணல் கொட்டியது, தளபதி உருண்டு விழுந்தார், மலையில் ஒரு விரிசல் ஓடியது. கதவைக் கீலிலிருந்து கழற்றினோம். ஒரு விரல் அகலம் கிடைத்தது. இன்னும் இரண்டு விரல் வேண்டும். நான் அழ ஆரம்பித்திருந்தேன். எரிமலைக்காரர்களில் ஒருவன் எங்கள் தெருவழியாகத்தான் பள்ளிக்குப் போவான். அவன் அப்பாவின் பைக்கில் எரிமலையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் வாசலைத் திரும்பிப் பார்த்தபடியே போனான்.

பலகையில் இரண்டு விரல் அளவு அறுத்துவிடலாம் என்றார் மாமா. அறுத்தால் அந்தப் பக்கத்து மலை போய்விடும். அப்பா பலகையை ஒரு தடவை பார்த்தார், கதவு நிலையை ஒரு தடவை பார்த்தார்.

“மலையை மறுபடி வெக்க முடியாது மாப்ள. நிலையைத் திரும்ப வெச்சுக்கலாம்” என்றார்.

அம்மா பதறிப்போனாள். வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் குங்குமம் வைக்கிற நிலை அது. முந்தின நாள் வைத்த பொட்டுகூட இன்னும் அழியவில்லை. “அது லட்சுமிங்க. அதையவா பேத்தெடுக்கறது?” என்றாள். அதுவும் நம் வீடுகூட இல்லை என்றாள். பீகார் அண்ணன் அதற்குள் எங்கிருந்தோ கடப்பாரை கொண்டுவந்துவிட்டார். எடுத்துத் திரும்ப வைத்துவிடலாம் அக்கா, டென்ஷன் வேண்டாம் என்று அவருடைய தமிழில் தைரியம் சொன்னார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்க் கற்பூரம் எடுத்துவந்து நிலைக்கு முன்னால் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஒம்பதுக்கு ராகு காலம் பொறந்துரும். எடுக்கறதுன்னா அதுக்குள்ள எடுத்துப்போடுங்க.”

பெரியவர்கள் ஒரு வீட்டை உடைப்பதை அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம் அதில் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. இடது பக்கத்துச் சட்டம் காரையோடு பெயர்ந்து வந்தபோது லைன் வீட்டுச் சனம் முழுக்கப் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்து நின்று கை தட்டியது. ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்து, மெல்ல மெல்ல, டேங்க் வெளியே வந்தது.

பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. நான்கு பேர் தோளில் பலகை போனது, நான் முன்னால் ஓடினேன். எதிரில் வந்த ஒரு பெரியவர் சாமி ஊர்வலம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கிட்டே வந்ததும் பீரங்கிக் குழலைப் பார்த்து விழித்தார். கும்பிட்டது கும்பிட்டதாகவே இருக்கட்டுமுங்க என்று மாமா தோளைச் சாய்க்காமல் அவருக்குச் சொல்லிக்கொண்டு போனார். பள்ளி வாசலில் பலகையை இறக்கியதும் பீகார் அண்ணன் திரும்பி ஓடினார். கதவில்லாத எங்கள் வீட்டுக்குக் காவல் இருக்க வேண்டுமே.

விருந்தினரின் கார் நுழையும்போது டேங்க் நடு மேசையில் இருந்தது. செய்தவர் பெயரை ஒரு அட்டையில் எழுதி முன்னால் வைக்கச் சொன்னார்கள். நான் ஒரு ஆள் செய்ததில்லையே என்று யோசித்து, தெரிந்த மாதிரி எழுதி வைத்தேன். கட்டிங்: அப்பா. தையல்: மாமா. செக்கிங்: அம்மா. பேக்கிங்: நான்.

விருந்தினர் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர். விறைப்பாக நடந்து வந்தவர் எங்கள் மேசைக்கு முன்னால் நின்றார். அட்டையைப் படித்தார். குனிந்து டேங்க்கைச் சுற்றிப் பார்த்தார்.

“இந்தச் செவப்பு அம்புக்குறியெல்லாம் என்னப்பா? குண்டு பட்ட இடமா?”

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. காலை அமளியில் ஸ்டிக்கரை உரிக்க எல்லோருமே மறந்திருந்தோம். தூரத்தில் தூண் பக்கத்தில் நின்ற அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“டிஃபெக்ட்டுங்க சார். எங்கம்மா செக்கிங்ல ஒட்டினதுங்க. ஆல்டர் பண்ண நேரம் பத்தலீங்க.”

அவர் சிரித்த சிரிப்பில் ஹாலே திரும்பியது. “நான் ஓட்டின டேங்க்ல உங்கம்மா ஒட்டியிருந்தா ஷீட்டே பத்தியிருக்காது தம்பி” என்றார்.

முதல் பரிசு ஒரு எரிமலைக்குத்தான் போனது. அதில் புகை வந்தது. எங்களுக்கு இரண்டாம் பரிசு, ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். மாமா மத்தியானமே வேலைக்குப் போய்விட்டார். அப்பா மட்டும் சாயங்காலம் வரை தூணோரம் நின்றார். அவர் டேங்க்கைப் பார்க்கவில்லை, டேங்க்கைப் பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வெட்டிய துணியெல்லாம் கப்பலேறிப் போய்விடும், அதைப் போட்டுக்கொண்ட ஒருவரையும் அவர் பார்த்ததில்லை. இது எனக்கு அன்று தோன்றவில்லை. கால் வலிக்காதா என்றுதான் கேட்டேன்.

டேங்க் பள்ளியிலேயே தங்கிவிட்டது. நிலையைத் திரும்ப வைத்த பிறகு அது எங்கள் வீட்டுக்குள் எப்படி வரும்? தலைமையாசிரியர் அறைக்கு வெளியே ஒரு மேசை போட்டு வைத்தார்கள்.

அன்று பொழுது சாய மூலனூரிலிருந்து வந்த வீட்டுக்காரம்மா, வாசலில் தொங்கிய போர்வையையும் பெயர்ந்த சுவரையும் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய் டிபன் பாக்ஸைக் காட்டினேன். அவர் அதைத் திறந்து பார்த்தார், மூடினார், பையிலிருந்து இரண்டு முருங்கைக்காயை எடுத்து என் கையில் கொடுத்தார். அவருக்கும் சந்தோஷம் என்று முடிவு செய்துகொண்டேன்.

மாமாவும் பீகார் அண்ணனும் சிமெண்ட் பூசி நிலையை மறுபடி நிறுத்தினார்கள். அது கொஞ்சம் கோணலாகத்தான் நின்றது. அன்று முதல் அப்பா வாசலுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டால் காற்று நன்றாக வருகிறது என்பார். நானும் அங்கே படுக்கிறேன் என்று அடம்பிடித்தால் உள்ளே போகச் சொல்வார். நல்ல இடத்தை அவரே வைத்துக்கொள்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்ததுண்டு.

இரண்டு வருஷம் கழித்து, அதே ஊரில் ராயபுரத்துக்குக் குடிமாறினோம். புது வீட்டில் முதல் நாள் அப்பா உள் மூலையில், காற்றே படாத இடத்தில் பாயை விரித்தார்.

“ஏனுங்கப்பா, காத்து வேண்டாமுங்களா?”

“இங்க தாப்பா விழுகுது கண்ணு” என்று கதவின் தாழ்ப்பாளைக் காட்டிச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. அந்த வாசலில் படுத்திருந்த காலத்தில் அவர் குறட்டை விட்டு நான் கேட்டதே இல்லை.

பாத்திரத்தை அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், அந்த நிலைக்காக வீட்டுக்காரம்மா அட்வான்ஸில் ஏதாவது பிடித்தாரா என்று கேட்டேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு டேங்க்குக்கு அது குறைச்சல்தான் என்று சொல்லிவிட்டு, எவ்வளவு என்பதையும் சொன்னாள். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.