நான் அணைய விட்ட சர்வர்

என் நண்பன் ஒருவனுக்குக் கிடைக்கவிருந்த வீட்டை நான் கெடுத்தேன். பொறாமையால் கெடுத்தேன். வேறு காரணம் ஏதாவது அகப்படுமா என்று தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

இரண்டு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். உங்களுக்கு என் முகம் தெரியாது என்பதுதான் எனக்கிருக்கும் ஒரே தைரியம்... அதுவும் கோழைத்தனம்தான். இருக்கட்டும்.

குன்னூரில் ஒரு தேயிலைத் தரகு அலுவலகத்தில் நான் எழுத்தர். வாராவாரம் நடக்கும் ஏலத்துக்கு எந்த ஃபாக்டரியிலிருந்து என்ன ரகம், எத்தனை மூட்டை வருகிறது என்று பட்டியல் போடுவது என் வேலை. தினமும் காலை பதினொரு மணிக்கு ஃபாக்டரிகளுக்குப் போன் செய்வேன். மறுமுனையில் இருப்பவர் வாசிக்க வாசிக்க நான் எழுதிக்கொள்வேன்.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் ஃபாக்டரியில் அப்படி வாசிப்பவன் யோகராசா. பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். வயது முப்பத்திரண்டு. அவனுடைய தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். எட்டு ஆண்டுகள் தினமும் பேசினோம். மூட்டைக் கணக்கு முடிந்ததும், "வேற என்னண்ணே செய்தி?" என்பான். அந்த ஒரு கேள்வியில்தான் எங்கள் நட்பு வளர்ந்தது.

எனக்குக் கணினிப் பட்டம் உண்டு. அதைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு திரியாத குறைதான்! சில ஆண்டுகளுக்கு முன் கிரிப்டோ நாணயம் ஈட்டுகிறேன் என்று பழைய கிராபிக்ஸ் கார்டுகள் ஆறு வாங்கி, வீட்டுப் பின்னறையில் மாட்டினேன். அவை இரவும் பகலும் உறுமின. கிடைத்த நாணயம் மின்கட்டணத்துக்கே போதவில்லை. ஆனி மழையில் என் மனைவி செல்வி, பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை அந்த அனலில் காய வைத்தாள். அந்த முதலீட்டில் நான் கண்ட லாபம் அவ்வளவுதான். ஈரம் இறங்கி ஆறும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. மைத்துனன் கோயமுத்தூரிலிருந்து வரும்போதெல்லாம், "மாமா, ஹீட்டர் ஓடுதுங்களா?" என்று கேட்பான். சிரித்து வைப்பேன்.

இந்தக் கதையை நான்தான் யோகராசாவிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டான். எட்டு மாதம் கழித்து ஒருநாள், மூட்டைக் கணக்கு முடிந்ததும் சொன்னான்.

"அண்ணே, கார்டெல்லாம் நாம வாங்க வேணாம். எங்கேயோ இருக்கிற கம்பெனியோட, அந்த மாதிரி கார்டு மாட்டின ஜி.பி.யூ. சர்வரை மணிக்கணக்குல வாடகைக்கு எடுக்கலாம். அதைப் புதுசா ஆரம்பிச்ச ஒரு நெட்வொர்க்குல இணைச்சு விட்டா, நாணயமாத் தருவாங்க. ஆரம்பத்துல சேர்றவங்களுக்குக் கூடுதலா. வாடகைய என் சம்பளத்துல கட்டிருவேன். ஆனா கிரெடிட் கார்டு கேக்கறாங்க. என்கிட்ட இல்லியே..."

என் கார்டைக் கொடுத்தேன். கணக்கு என் பெயரில், என் மின்னஞ்சலில், என் போன் எண்ணில் திறக்கப்பட்டது. வாடகையை மாதம் பிறக்குமுன் அனுப்பிவிடுவான், ஒருநாள் பிசகியதில்லை. அவனுக்கு உதவுகிறேன் என்று அப்போது மனதாரத்தான் நினைத்தேன். நம்புங்கள்... அல்லது நம்பாதீர்கள்.

அவனால் முடியாது என்று நினைத்ததால்தான் அவ்வளவு தாராளமாகக் கொடுத்தேனோ? இன்று அப்படித்தான் தோன்றுகிறது.

முடிந்துவிட்டது! ஃபாக்டரி அலுவலகத்தின் பழைய கணினியில், சாப்பாட்டு இடைவேளைகளில், ஒரு வாரத்தில் அந்தச் சர்வரை ஓட வைத்துவிட்டான். நாணயம் சேரத் தொடங்கியது. பத்து மாதம் பூட்டி வைத்திருப்பார்கள், அதற்குப் பிறகுதான் எடுக்க முடியும் என்றான். அன்றைய மதிப்பைச் சொன்னான். என் காது சூடானது.

வீட்டில் சும்மா இருக்காமல் செல்வியிடம் சொன்னேன்.

"ஏனுங்க, பன்னெண்டாவது படிச்சவரு சத்தமில்லாம பண்ணிப்போட்டாரு. நீங்க டிகிரி படிச்சுப்போட்டு ஊட்டுக்குள்ள ஹீட்டரு ஓட்டுனீங்க!" என்று சிரித்தாள். கேலிதான். அவளுக்கு ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

நானும் அவனுக்குத் தெரியாமல் ஒரு சர்வர் வாடகைக்கு எடுத்தேன். அவன் சொன்ன அதே படிகள், அதே கட்டளைகள். என் சர்வரை அந்த நெட்வொர்க் ஏற்றுக்கொள்ளவே இல்லை. திரை முழுக்கச் சிவப்பு வரிகள். ஐந்து நாள் மல்லுக்கட்டிவிட்டு விட்டேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அவனிடமா? நானா கேட்பது!

அந்தப் பணம் அவனுக்கு எதற்கு என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் இருந்த லயத்து வீடு, எஸ்டேட் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்று, அவன் அம்மாவின் வேலைக்காகக் கிடைத்தது. அம்மா கொழுந்து பறிப்பவர். அடுத்த பங்குனியில் ஓய்வு. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். யோகராசா ஒப்பந்த ஆள்; அவனுக்கு வீடு கிடையாது. கோத்தகிரிக்குப் போகும் வழியில் மூன்று சென்ட் நிலமும் இரண்டு அறை வீடும் பேசி வைத்திருந்தான். மாசியில் பூட்டுத் திறக்கும், அந்த நாணயத்தை விற்று முன்பணம் கொடுப்பதாக ஏற்பாடு. தேயிலைக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர்கள், முதன்முதலாகத் தங்களுடையது என்று ஒரு கதவைச் சாத்தப் போகிறார்கள். இதை அவனே என்னிடம் சொன்னான். எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும்!

இன்னொன்றும் தெரியும். நாணயம் போய்ச் சேரும் அந்த இணையப் பெட்டகத்தைத் திறக்க இருபத்து நான்கு சொற்கள் உண்டு. வரிசை மாறாமல் அவை இருந்தால்தான் திறக்கும், தொலைந்தால் தொலைந்ததுதான். எல்லோரும் அதைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துவார்கள். அவன் எழுதவில்லை. சர்வருக்குள்ளேயே ஒரு கோப்பில் வைத்திருந்தான்.

"ஏன் தம்பி, ஒரு தாள்ல எழுதி வெச்சுக்கலாமுல்ல?" என்று கேட்டேன்.

"தாளா? போங்கண்ணே! கப்பல்ல வந்தப்ப குடுத்த காகிதமெல்லாம் லயத்துக் கூரை ஒழுகி, பூஞ்சை புடிச்சுக் கூழாப் போச்சு. அது இல்லாம சாதிச் சான்றிதழுக்கு அப்பா எத்தனை வருசம் அலைஞ்சாரு தெரியுமா? எங்க குடும்பத்துக்குத் தாள் ஆகாதுண்ணே. அந்தச் சர்வர் இருக்கிற எடத்துல மழை பெய்யாது."

நான் வற்புறுத்தவில்லை.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலகத்தில் உட்கார்ந்ததும் அந்த மின்னஞ்சல் வந்தது. என் கார்டின் காலம் முடிந்துவிட்டது. வாடகை எடுக்க முடியவில்லை. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் புதிய கார்டு எண் கொடுக்காவிட்டால் சர்வர் நிறுத்தப்படும். அதிலுள்ள எல்லாம் அழிக்கப்படும். திரும்பப் பெற இயலாது.

புதிய கார்டு என் மேசை இழுப்பறையில், உறையோடு இருந்தது. இரண்டு நிமிட வேலை.

அழிக்கப்படும் என்பதை நான் கவனிக்கவில்லை என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். கவனித்தேன். இரண்டு முறை படித்தேன்.

பதினொரு மணிக்குப் போன் செய்தேன். அவன் மூட்டைகளை வாசித்தான். நான் எழுதினேன். முடிந்ததும் வழக்கம்போல, "வேற என்னண்ணே செய்தி?"

"ஒண்ணுமில்லீங்க தம்பி."

வாய் கூசவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம்! நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம், ஒருநாள் அவன் கொஞ்சம் தவிக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் தெரியாதவன் எப்படித் தவிப்பான்? எவ்வளவு மட்டமான சமாதானம், பாருங்கள்.

செவ்வாய்க்கிழமையும் பேசினோம். நிலத்துக்காரர் பத்திரத்துக்கு நாள் பார்த்துவிட்டார் என்றான். அம்மா வாசலில் வைக்கச் சாமந்தி நாற்றுச் சொல்லி வைத்திருக்கிறார் என்றான். "நீங்க குடும்பத்தோட பால் காய்ச்சுறதுக்கு வரணும்" என்றான். சொல்லியிருப்பேன்... அவன் அடுத்து ஒன்று சொன்னான்: "செல்வி அண்ணிகிட்டயும் சொல்லிருங்க. அன்னிக்கு உங்க போனை அண்ணி எடுத்தப்ப என்னை ரொம்பப் பாராட்டினாங்க."

அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது எனக்கு. சொல்லாமலே போனை வைத்தேன்.

புதன்கிழமை, "வேற என்னண்ணே செய்தி?"

"ஒண்ணுமில்லீங்க."

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நான் போன் செய்யுமுன் அவனே செய்தான். "அண்ணே, சர்வருக்குள்ள போக முடியல. என்னமோ ஆகிருச்சு. கொஞ்சம் பாருங்கண்ணே... சீக்கிரம்ணே!"

பார்ப்பதுபோல் நடித்தேன். விசைப்பலகையைத் தட்டும் சத்தம் அவனுக்குக் கேட்கட்டும் என்று வேண்டுமென்றே தட்டினேன். பிறகு, கம்பெனியின் எச்சரிக்கை மின்னஞ்சல் ஸ்பேமில் போய் விழுந்திருக்கிறது, நான் பார்க்கவே இல்லை என்றேன். பச்சைப் பொய்.

பின்னால் தேயிலை உருட்டும் ரோலரின் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னான்.

"பரவால்லண்ணே... நீங்க என்ன பண்ணுவீங்க? நாந்தான் அந்த வார்த்தைகளை வேற எங்கயாச்சும் வச்சிருக்கணும். என்னால உங்க கார்டுக்கு எதும் தொந்தரவு வரலியே?"

என் கார்டைப் பற்றிக் கேட்டான்! வீடு போன மனிதன், என் கார்டைப் பற்றிக் கேட்டான்.

கம்பெனிக்கு எழுதினோம். அழிந்தது அழிந்ததுதான் என்று இரண்டே வரியில் பதில் வந்தது. நிலம் வேறொருவருக்குப் போனது. பங்குனியில் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூருக்குப் புறப்பட்டார்கள். போகும் முன் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். அவன் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கொழுந்து பறித்துக் கறுத்துக் காய்ப்பேறிய விரல்கள். "இத்தன வருசம் இருந்த லயத்துக் காம்பராவ விட்டுட்டுப் போறோம்யா. எம்புள்ளைக்கு ஒரு அண்ணனாட்டம் நின்னீங்க. அத மறக்க மாட்டோம்" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். டீ வாங்கிக் கொடுத்தேன்.

அவர்கள் போனபின் எனக்குள் நிம்மதி ஒன்று வந்ததே, அதை எப்படிச் சொல்ல? இனி தினமும் பதினொரு மணிக்கு அவன் வெற்றியைக் கேட்க வேண்டியதில்லை என்ற நிம்மதி! குற்ற உணர்ச்சி அதற்குப் பிறகுதான் வந்தது.

போன மாதம் திருப்பூரிலிருந்து அவன் போன் செய்தான். மறுபடி ஒரு சர்வர் எடுத்துவிட்டானாம். இப்போது சொந்தக் கார்டு. வேறொரு புதிய நெட்வொர்க். நன்றாக ஓடுகிறதாம்.

"அண்ணே, அந்த இருபத்து நாலு வார்த்தைய என்ன பண்றதுன்னுதான் யோசனையா இருந்துச்சு. தாளும் ஆகல, சர்வரும் ஆகல. நம்பிக்கையான மனுசங்ககிட்ட குடுத்து வைக்கலாம்னு தோணுச்சு. அம்மாவும் உங்க பேரத்தான் சொன்னாங்க. எழுதிக்கிறீங்களாண்ணே?"

வேண்டாம் தம்பி, என்னிடம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். ஏன் என்று கேட்பானே... கேட்டால் சொல்ல வேண்டுமே...

எழுதிக்கொண்டேன். அவன் இரண்டு முறை வாசித்தான். நான் ஒரு முறை திருப்பி வாசித்தேன். "போதும்ணே, இனி நிம்மதி" என்று வைத்துவிட்டான்.

அந்தத் தாள் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவனுடைய பெட்டகத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை அந்த நெட்வொர்க்கின் இணையப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் தினமும் பார்க்கிறேன். இன்று காலையும் பார்த்தேன். நன்றாக ஏறியிருந்தது.

மகிழ்ந்திருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? வயிறு எரிந்தது.