கடல் இல்லாத பூமி

இன்று தூர்வாரும் கப்பல் காயலின் அடியிலிருந்து கறுத்த சேற்றை அள்ளிக் கொட்டியது. ஆழ அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அது மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுப் பின்வாசலின் வாடை.

அங்கே உட்கார்ந்துதான் அம்மா மத்தி ஆய்வாள். அப்போது எனக்கு எட்டு வயது. சுக்கு மூட்டை ஏற்றிப்போன வள்ளம் கழிமுகத்தில் கவிழ்ந்து, அப்பா கிடைக்காமலே போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாள், அவருடைய வெள்ளைச் சட்டையை அம்மா துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள்.

"புது பூமியில சாவு இல்ல, கண்ணீர் இல்ல, கடலும் இல்ல. வேதத்துல இருக்கு மோளே," என்றாள் மீனை ஆய்ந்தபடியே.

"அப்போ மத்திக்கு எங்க போறது அக்கா?" என்று மாமா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கடல் இல்லேன்னா அப்பா எங்கேருந்தும்மா வருவாரு?"

அம்மாவின் கை நின்றது. கொடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள். "முதல்ல கடல் தன்கிட்ட இருக்கிறவங்களத் திருப்பிக் குடுக்கும். அதுவும் இருக்கு. அப்புறந்தான் அது இல்லாமப் போகும்."

முதலில் இது, பிறகு அது. அந்த வரிசையை மட்டும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பொறியியல் படித்த பிறகு அதை நம்புகிறேனா என்று கேட்டால், சொல்லத் தெரியவில்லை. ஆனால் அம்மா வருஷா வருஷம் துவைத்துப் போடும் அந்தச் சட்டையின் நைந்த காலரை இந்த ஈஸ்டருக்குத் திருப்பித் தைத்துக் கொடுத்தது நான்தான்.

சேறு அள்ளும் அடுத்த வாளி நீருக்கு மேலே வந்தது. எதற்கென்று தெரியாமல் எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன்.