பெரியப்பா காப்பாற்றிய மீன்கள்

கோடை விடுமுறையில் பிள்ளைகளை இயற்கையோடு பழக்குகிறோம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். என் பெரியப்பாவும் ஊருக்கு நல்லவர்தான்.

எங்களுடையது காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற சைவக் குடும்பம். அப்பாவும் சித்தப்பாவும் தறியில் உட்காருவார்கள், பெரியப்பா உட்கார மாட்டார். வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த ஒரே ஆள் அவர். குனிந்தால் அந்தப் படிப்பு கொட்டிவிடும் என்று பயந்தாரோ என்னவோ, பட்டு வாங்கித் தருவது, நெய்ததைக் கடையில் சேர்ப்பது, மிச்ச நேரத்தில் எங்களையெல்லாம் திருத்துவது என்று காலத்தை ஓட்டினார். அறுபதுகளின் கடைசியில், எனக்குப் பத்துப் பதினோரு வயது இருக்கும்போது, அவருக்கு இயற்கைப் பித்து பிடித்தது. வெளிநாட்டில் கோடை வந்தால் குடும்பம் குடும்பமாக வெளியே கிளம்பிச் செடி, கொடி, பூச்சி என்று கற்றுக்கொள்கிறார்களாம். ஏதோ பத்திரிகையில் படித்திருக்கிறார். நமக்கு மட்டும் என்ன குறைச்சல் என்று கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அமாவாசையன்று தறி ஓடாது. நெசவுக்காரனுக்கு மாதத்தில் கிடைப்பது அந்த ஒரு நாள்தான். அதையும் பிடுங்கிக்கொண்டார். கத்தரி வெயிலில் எங்களை ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலுக்கு ஆடு மாடு மாதிரி ஓட்டிக்கொண்டு போவார். குடை அவருக்கு மட்டும். மரத்தைக் காட்டுவதும் அந்தக் குடையால்தான், பதில் தெரியாதவர்களின் முட்டியில் தட்டுவதும் அதனால்தான். ஒருநாள் புங்கமரத்தைக் காட்டிப் பூவரசு என்றார். அது புங்கம் என்று சித்தப்பா மகன் முனகிவிட்டான். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் எதிர்த்துப் பேசினான் என்று அவனை வெயிலில் நிற்க வைத்தார்.

இதற்கு அவர் வைத்த பெயர் ‘குடும்பத்தோடு இயற்கைக் கல்வி’. அவர் அகராதியில் குடும்பம் என்றால் சமைக்கிறவர்கள் நீங்கலாக. நாங்கள் வெந்து திரும்பும்போது அமாவாசைச் சமையல் தயாராக இருக்க வேண்டும். அதனால் அம்மா ஒரு தடவைகூட வந்தது கிடையாது.

அம்மாவுக்கு வீட்டை விட்டு வெளியே போக இருந்த ஒரே வழி வெள்ளிக்கிழமை. எனக்குப் பிறகு பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. தெருக்கோடிக் கோயில் குளத்து மீன்களுக்கு வெள்ளிக்கு வெள்ளி பொரி போடுவதாக வேண்டிக்கொண்டாள். அடுத்துப் பிறந்த தம்பி தங்கிவிட்டான். வேண்டியது நடந்துவிட்டது, இனி நிறுத்து என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை, பெரியப்பாவுக்கும் சேர்த்துத்தான். சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் படியில் உட்காருவாள். விரல் நீள மீன்கள் கூட்டமாக வந்து மொய்க்கும். பக்கத்துத் தெருப் பெண்களும் வருவார்கள். அவர்களோடு பேசுவாள், வாய்விட்டுச் சிரிப்பாள். வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மூத்தார், அதாவது புருஷனின் அண்ணன், நடமாடுகிற வீட்டில் இருமுவதற்கே அவள் யோசிப்பாள்.

ஒரு சித்திரை அமாவாசையன்று செவிலிமேட்டைத் தாண்டி ஒரு ஏரிக்குப் போனோம். ஏரி வற்றி நடுவில் ஒரு குட்டைதான் மிச்சம். சேற்றுத் தண்ணீரில் மீன்கள் புரண்டுகொண்டிருந்தன. கரையில் ஊர்க்காரர்கள் கூடைகளோடு உட்கார்ந்து, தண்ணீர் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள். ஊரே சேர்ந்து இறங்கிப் பிடிக்கிற மீன் அது. நாங்கள் என்னத்தைக் கண்டோம்? மீன் சமைக்காத வீட்டில் எல்லாம் வெறும் மீன்தான். அதில் கெண்டை எது, விரால் எது என்று யாருக்குத் தெரியும்?

பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவின் இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனபோது கலங்காத கண் அது. பெரியம்மாவே சொல்லியிருக்கிறாள். குடிக்கக் கொண்டுபோன தண்ணீரில் பாதியைக் கொட்டச் சொன்னார். பித்தளைக் குடங்களோடு எங்களைச் சேற்றில் இறக்கி, அகப்பட்டதையெல்லாம் வாரிப் போட வைத்தார்.

கூடையைப் போட்டுவிட்டு ஒரு அம்மாள் ஓடி வந்தாள். “இன்னாய்யா பண்ணிக்கினு கீறீங்க?”

“உயிருங்கள காப்பாத்தறோம்மா. கோயில் கொளத்துல வுடப் போறோம்.”

“எங்க சட்டியில வுழுறதுதான் உனக்கு உயிரா? எங்க பசங்க மட்டும் உயிரு இல்லாமயா கீதுங்க?”

கொலைகாரக் கூட்டம் என்று பெரியப்பா குடையை ஓங்கினார். பின்னாலேயே வந்த ஆள் அதைப் பிடுங்கிச் சேற்றில் வீசினான். இரண்டு குடங்களைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓட்டம் பிடித்தோம். குடை போனதில் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வழியிலேயே பாதிக்கு மேல் செத்து மிதந்தன. தேறியவை ஆறேழு. கருத்த உடம்பு, பாம்பு மாதிரித் தலை. “பாத்தீங்களா, வலுத்தது பொழைக்குது. இதான்டா இயற்கை” என்று பாடம் வேறு நடத்தினார். மிச்சத்தைக் கோயில் குளத்தில் விட்டுக் கை தட்டச் சொன்னார். மீன் பட்ட குடங்களை அம்மாதான் புளியும் சாம்பலும் போட்டு நாள்கணக்கில் தேய்த்தாள்.

விரால் சின்ன மீனைத் தின்று வளரும். மழைக்காலம் வருவதற்குள் குளத்தில் ஒரு குஞ்சு மிச்சமில்லை. அம்மா போட்ட பொரி அப்படியே மிதந்து, ஊறி, படியோரம் ஒதுங்கியது. கோயிலுக்குப் பூ கொண்டுவருகிற கிராமத்துக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “விரால வுட்டுட்டு மீனு எங்கன்னு தேடறீங்களே” என்று சிரித்தார். அது தெரு முழுக்கப் பரவியது.

பெரியப்பாவா ஒப்புக்கொள்வார்? கூடத்தில் நின்றுகொண்டு, அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி அப்பாவிடம் சொன்னார். “உன் பொண்டாட்டி வாரா வாரம் பொரியக் கொட்டித்தான் தண்ணி கெட்டுப்போச்சு. மீனே இல்லாத கொளத்துக்கு இன்னாத்துக்கு வெள்ளிக்கெழம? வூட்ல இருக்கச் சொல்லு.”

அப்பா தறியிலிருந்து தலையைத் தூக்காமல் “சரிண்ணா” என்றார். அந்தச் ‘சரிண்ணா’வை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது, ஆனாலும் மன்னிக்கவில்லை.

சாமியிடம் சொல்லி வேண்டுதலை முடித்துக்கொள்ள ஒரே ஒரு வெள்ளிக்கிழமை வேண்டும் என்று அம்மா பெரியம்மா மூலம் கேட்டாள். கிடைத்தது. அன்றைக்கு மற்ற பெண்கள் யாரும் வரவில்லை. மீன் இல்லாத குளத்தில் அவர்களுக்கு மட்டும் என்ன வேலை? அம்மா பொரியைப் போட்டுவிட்டு இருட்டுகிற வரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகலாம் என்று நான் இழுத்தும் எழவில்லை. அப்போது படியிடுக்குப் புல்லிலிருந்து ஒரு வெட்டுக்கிளி தாவித் தண்ணீரில் விழுந்தது. விழுந்த இடத்தில் தண்ணீர் பளாரென்று தெறித்தது. வெட்டுக்கிளியைக் காணோம்.

அம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். “இருக்குதுடி” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று, என் நினைவில் முதல் தடவையாக, பெரியப்பாவிடம் நேராகப் பேசினாள். “நீங்க வுட்ட மீனு நல்லா பெருசா வளந்து இருக்குது. பட்டினியா கெடக்குது போலக்குது. பாத்துக்க ஆளு வாணாமா?”

பெரியப்பாவுக்கு முகம் பூரித்துவிட்டது. நான் காப்பாற்றினேன், நான் காப்பாற்றினேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். தான் காப்பாற்றிய மீனைப் பட்டினி போடு என்று அவர் எந்த வாயால் சொல்வார்? அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை திரும்பக் கிடைத்தது.

அடுத்த வெள்ளி முதல் அம்மா பொரியை ஒரு மூடி போட்ட டப்பாவில் எடுத்துக்கொண்டு வந்தாள். மேலாக ஒரு பிடி பொரி. அடியில் கரப்பான் பூச்சி, தறிக்குழியில் பிடித்த சில்வண்டு, ஒருநாள் பல்லிக்குட்டி. எறும்பைக்கூட ஊதித் தள்ளிவிட்டுக் கோலம் போடுகிற அம்மா. ஒரு தடவை பெரியப்பா வெளியூர் உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து மேல்படியில் நின்று, “பொரிக்கு எப்பிடித் தாவுது பாருங்க” என்று காட்டினார். கீழே இறங்கி வந்து பார்க்கவில்லை. கடைசி வரைக்கும் அது பொரி தின்கிற மீன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெருப் பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அவர்களுக்குத் தெரியும். ஒருத்தியும் வெளியே சொல்லவில்லை.

எனக்குத்தான் உறுத்தியது. உயிருள்ளதைப் பிடித்துப் போடுகிறோமே, பாவம் இல்லையா என்று ஒருநாள் படியில் வைத்துக் கேட்டேன்.

“பாவந்தான், யாரு இல்லன்னா?” என்றாள் அம்மா, டப்பாவைத் திறந்துகொண்டே. “எனக்கு வெள்ளிக்கெழம வேணும்.”