பூசையிலிருந்து எடுத்த ஸ்பேனர்

வெண்ணந்தூரில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தேன். அந்தப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர்தான். அதற்குச் சங்கிலி முடுக்குவது என் பொறுப்பு. பழைய சங்கிலி ஒரே சீராகத் தேயாது. ஓரிடத்தில் தொங்கும், ஓரிடத்தில் விறைக்கும். சக்கரத்தை முழுதாகச் சுற்றிப் பார்த்து, விறைத்த இடத்திலும் ஒரு விரல் ஆட்டம் விட வேண்டும்; விடாவிட்டால் ஓட்டத்தில் அறுந்துவிடும். எனக்கு இது நன்றாகத் தெரியும்.

ஓர் ஆயுத பூசையன்று கருவிகளைக் கழுவிப் பொட்டு வைத்துச் சாமி படத்தின் முன் அடுக்கியிருந்தோம். மறுநாள் வரை தொடக் கூடாது. மத்தியானம் டாக்டர் வந்து நின்றார். வழியில் சங்கிலி இரண்டு முறை கழன்றுவிட்டதாம்.

"கருவியெல்லாம் பூசையில இருக்குதுங்க. நாளைக்குத்தானுங்க எடுக்கோணும்" என்றார் முதலாளி.

"எட்டு மைலுக்கு அந்தப்பக்கம் ஒரு புள்ளத்தாச்சி ரெண்டு நாளா வலியில கெடக்கறா. ஒரு ஸ்பேனருக்கா உங்க சாமி கோவிச்சுக்கும்?"

முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "எடு சாமி. வாரது வரட்டும், என்ற தலையில."

எதிர் வெற்றிலைக் கடைக்காரர் கத்தினார்: "பொட்டு வெச்ச ஸ்பேனரப்பா! பாத்து முடுக்கு, வண்டி சாமியாடிரப் போவுது!"

தெருவே சிரித்தது. நாலு பேர் பார்த்தாலே எனக்கு எப்படா முடிப்போம் என்றிருக்கும். கைபட்ட இடத்தில் சங்கிலி தொங்கியது. அங்கேயே முடுக்கிவிட்டு எழுந்துகொண்டேன். சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கவில்லை.

மறுநாள் டாக்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பாதி வழியில் சங்கிலி அறுந்திருக்கிறது. மீதியை நடந்து போய்ச் சேர்ந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

"பழைய சங்கிலி. போன மாசமே மாத்தியிருக்கோணும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

"இல்லீங்க. பூசையில இருந்தத எடுக்கச் சொன்னது நானுங்க" என்றார் முதலாளி. அவர் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா, சங்கிலிய நான்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ என்ன சாமி பண்ணுவ. நாஞ் சொன்னேன், நீ எடுத்த."

நான் குனிந்து அறுந்த சங்கிலியை வண்டியிலிருந்து எடுத்தேன்.

அந்த மாதமே முதலாளி பரிகாரமாகத் திருச்செங்கோட்டு மலைக்கு நடந்து போய்வந்தார். பிறகு ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் கிடப்பார். நான் பக்கத்திலேயே இருந்து கருவிகளைக் கழுவிக் கொடுத்தேன்.

பல வருடம் கழித்து அவர் படுக்கையில் விழுந்தபோது பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் புள்ளத்தாச்சி பாவம் என்னைய உடாதாட்டம் இருக்குது" என்றார்.

குடிக்கத் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று சொல்லி எழுந்து வெளியே வந்துவிட்டேன்.