கடைசி அறைக்கு ஒரு ஒயர்

என் தங்கைக்கு இரண்டு பெயர்கள். ஒன்று பெற்றவர்கள் வைத்தது. மற்றது காது கேளாதவர்கள் வைத்தது. அதை எழுத்தில் எழுத முடியாது. ஒரு கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்குவதுபோல் இரண்டு முறை ஆட்டிக் காட்ட வேண்டும். முப்பது வருடங்களுக்கு மேலாக அவள் அப்படித் தொங்கிக்கொண்டுதான் போய்வந்தாள். கோர்ட்டில், வங்கியில், ஆஸ்பத்திரியில், எங்கே ஒரு காது கேளாதவருக்குக் காரியம் இருந்தாலும் அங்கே போய், பேசுகிறவர்களின் பேச்சைக் கையால் சொல்லி, கையால் சொல்கிறவர்களின் பேச்சை வாயால் சொல்லிவிட்டு வருவாள். அதுதான் அவள் தொழில்.

அந்தச் சைகை மொழியை அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. என் மாப்பிள்ளை, அதாவது அவள் கணவர், தையற்காரர்; பிறவியிலேயே காது கேட்காது. கல்யாணத்துக்கு முன்பு அவர் கடையில் ஒரு ரவிக்கை தைக்கக் கொடுத்தாள். கை இறுக்கமாகிவிட்டது. அவர் துணியைக் காட்டுகிறார், இவள் தோளைக் காட்டுகிறாள், இருவருக்கும் கோபம் மட்டும் புரிகிறது. "சண்டையை முடிக்கத்தான் அந்தப் பாஷையைக் கத்துக்கிட்டேன். இன்னும் முடியல" என்பாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் பஸ் படியில் சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்தார்கள். ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடக்கலாம், பஸ் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சில மாதங்கள் மாப்பிள்ளைக்குக் கொக்கி தைத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, வீடியோ வழியாக ஆஸ்பத்திரிகளுக்குச் சைகை மொழிபெயர்ப்பு செய்து தரும் ஒரு நிறுவனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, தானே போன் செய்து வேலை வாங்கிக்கொண்டாள். நோயாளியின் கட்டிலருகே ஒரு டேப்லெட் திரை. இங்கே தங்கையின் முன்னால் ஒரு கம்ப்யூட்டர். இடுப்பு உடைந்தால் என்ன, கை நன்றாகத்தானே இருக்கிறது என்று அவள் கணக்கு.

அந்தக் கணக்கில் வீடு குறுக்கே வந்தது.

எங்கள் வீடு பெரிய வீடு என்பதைவிட நீண்ட வீடு என்பது சரி. முன்பகுதி தாத்தா கட்டியது, கல் சுவர். நடுப்பகுதி அப்பா கட்டியது. பின்பகுதி நாங்கள் கட்டியது. ஒவ்வொரு தடவையும் பழைய வெளிச்சுவரை இடிக்க மனம் வராமல், அதில் ஒரு கதவு மட்டும் வைத்து, ஒட்டிக் கட்டிக்கொண்டே போயிருக்கிறோம். அதனால் எங்கள் வீட்டுக்கு உள்ளேயே இரண்டு வெளிச்சுவர்கள் உண்டு. வைஃபை ரவுட்டர் முன்ஹாலில். எங்களோடேயே இருக்கும் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் அறை கடைசியில். முன்பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யலாமே என்று யாரும் கேட்கலாம். முன் அறைகள் ஒன்றுக்குள் ஒன்று திறப்பவை. தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. நோயாளியின் விஷயம் வெளியாள் காதில் விழக்கூடாது என்பது அவள் வேலையின் முதல் நிபந்தனை. கடைசி அறைக்கு மட்டும்தான் தாழ்ப்பாள் போடும் கதவு. மொபைல் சிக்னல் அங்கே ஜன்னலோரத்தில் ஒரு கோடு காட்டும், உட்கார்ந்தால் அதுவும் போய்விடும்.

ஒரு காலையில், முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த ஒரு காது கேளாத பெண்ணுக்காக அவளைக் கூப்பிட்டார்கள். டாக்டர் மாத்திரைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் படம் நின்றுவிட்டது. அந்தப் பெண் திரையில் உறைந்து நின்ற கையையே பார்த்துக்கொண்டு, அது நகரும் என்று பொறுமையாகக் காத்திருந்திருக்கிறாள். டாக்டர் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். படம் திரும்பி வந்தபோது அங்கே காலி நாற்காலிதான் இருந்தது. தங்கை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, நர்ஸைப் பிடித்து, அந்தப் பெண்ணைத் தேடி அழைத்து வரச் சொல்லி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லி முடித்த பிறகுதான் சாப்பிட வந்தாள்.

அன்று மாலை அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. "பிரசவத்துக்கு நீங்கதான் வரணும். வேற கை எனக்கு வேணாம்" என்று சைகையில் சொல்லியிருந்தாள்.

மறுநாள் நிறுவனத்தின் பொறுப்பாளர் அம்மா போன் செய்தார். "மேடம், உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. ஆனா பிரசவ நேரத்துல படம் நின்னா நான் என்ன பதில் சொல்றது? மாசக் கடைசிக்குள்ள லைனைச் சரி பண்ணுங்க. இல்லன்னா அந்தப் பொண்ணுக்கு வேற ஆளத்தான் போடணும்."

"வேற ஆள் வேணாம். சரி பண்ணிடறேன்" என்றாள் தங்கை. எப்படி என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

என் மகன் ஒரு ரிப்பீட்டர் வாங்கி வந்தான். வாங்கும் சிக்னலைத் திருப்பி அனுப்பும் சின்னப் பெட்டி, சுவர் பிளக்கில் செருகுவது. முதலில் தங்கையின் அறையிலேயே செருகினார்கள். அங்கே வாங்குவதற்கே ஒன்றும் இல்லை. அது எதை அனுப்பும்? பிறகு நடுப்பகுதி நடையில் வைத்தார்கள். மாலையில் அருமையாக வேலை செய்தது. காலையில் செத்துக் கிடந்தது. மகன் பிடுங்கிச் செருகி, ஸ்விட்சை மேலும் கீழும் தட்டிச் சரி செய்தான். மத்தியானம் மறுபடியும் அதே கதை. கடைக்காரனைத் திட்டி, பெட்டியை மாற்றி வாங்கி வந்தான். புதியதும் அப்படியே.

பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு எங்கள் வளர்ப்பில் இருந்தது. ஆள் இல்லாத இடத்தில் ஸ்விட்ச் போட்டபடி இருந்தால் எங்கள் அப்பாவுக்குத் தன் உடம்பிலிருந்து ரத்தம் போவதுபோல் இருக்கும். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் கை எங்கள் எல்லோருடைய கையிலும் இருக்கிறது. நடை வழியாகப் போகிறவர்கள், அங்கே ஒரு ஸ்விட்ச் போட்டிருப்பதைப் பார்த்தால், பேசிக்கொண்டே அணைத்துவிட்டுப் போவார்கள். அணைத்தது நினைவிலும் இருக்காது. தங்கை ஒரு காகிதத்தில் 'அணைக்காதே' என்று பெரிதாக எழுதி ஸ்விட்ச் மேலே ஒட்டினாள். அன்றே அணைந்திருந்தது. இந்தத் தடவை கையும் களவுமாகப் பிடிபட்டவன் என் மகன்.

"ஏன்டா, எழுதி ஒட்டியிருக்கேனே, கண்ணு தெரியலையா?"

"படிச்சேன் அத்தை. படிச்சுக்கிட்டே அணைச்சுட்டேன்."

தங்கை ஊன்றுகோலை ஓங்கினாள். அவன் சிரித்துக்கொண்டே ஓடினான். அவள் சிரிக்கவில்லை. "இந்த வீட்டு ஆளுங்களைத் திருத்த எனக்கு ஆயுசு பத்தாது. ஒயரைத்தான் பாக்கணும்" என்றாள்.

இன்டர்நெட் லைன் போடும் லைன்மேனை வரவழைத்தாள். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். கூரை ஓரமாகவே கேபிளை இழுத்துக் கடைசி அறைக்குக் கொண்டுபோய்விட்டார். ஒரு வாரத்தில் அணில்கள் அதைக் கடித்துப் போட்டன. வந்து பார்த்தவர், "உங்க வீட்டு அணிலுக்கு நெட்டு ரொம்பப் பிடிச்சிருக்குக்கா" என்றார்.

"அணில் சாப்பிட மாதாமாதம் கேபிள் வாங்கிப் போட நான் என்ன ஜமீன்தாரா? சுவத்துக்குள்ள போற வழி ஒண்ணு பாருங்க."

"கல் சுவர்க்கா. துளை போட்டா வெடிச்சுரும்."

மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. தங்கை ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு சுவர் சுவராகப் பார்த்துவர ஆரம்பித்தாள். என் மனைவி, "உங்க தங்கச்சி வீட்டை விலை பேசற மாதிரி சுத்துறா" என்றாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, தன் அறையின் கதவுக்கு மேலே அவள் கண் நின்றது. பெயிண்டுக்கு அடியில் வட்டமாக ஒரு புடைப்பு. அந்த அறை முன்பு சமையலறையாக இருந்தது. முன்பக்கத்தில் பொத்தானை அழுத்தினால் சமையலறையில் அடிக்கும்படி அப்போது ஒரு மணி வைத்திருந்தோம். மணி கெட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

"அண்ணா, இந்த மணிக்குப் பொத்தான் எங்க இருந்துச்சு?"

"முன்ஹால்ல. இப்ப ரவுட்டர் மாட்டியிருக்கற இடத்துக்குக் கீழ. வெள்ளையடிச்சப்ப மூடிட்டாங்க."

"ஒயர் எதுல போச்சு?"

"குழாய்ல. சுவத்துக்குள்ள."

"ரெண்டு வெளிச்சுவரையும் தாண்டியா?"

"தாண்டாம மணி எப்படி அடிக்கும்?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. "இதை ஒரு மாசம் முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்றாள். கேட்டால்தானே சொல்லுவேன் என்றேன். அது சரியான பதில் இல்லைதான்.

லைன்மேன் திரும்பி வந்தார். இரு முனைகளிலும் பூச்சைச் சுரண்டினார். பழைய மணி ஒயர் உள்ளேயே இருந்தது. அதன் முன்ஹால் முனையில் புதிய கேபிளைக் கட்டி, கடைசி அறையிலிருந்து பழைய ஒயரை இழுத்தால், புதியது உள்ளே வந்துவிடும். கேட்பதற்கு எளிது. லைன்மேன் முன்னால் தள்ள, மாப்பிள்ளை பின்னால் இழுக்க, முதல் வெளிச்சுவர் வளைவில் சிக்கிக்கொண்டது. தள்ளும்போது இழுக்கவில்லை, இழுக்கும்போது தள்ளவில்லை. லைன்மேன் "இழுங்க, இழுங்க!" என்று கத்தினார். காது கேட்கிறவருக்கே அந்தச் சத்தம் கடைசி அறையில் கேட்காது. மாப்பிள்ளையோ காது கேளாதவர். என் மகன் செய்தி சொல்ல முன்னும் பின்னும் ஓடிக் களைத்தான். அவன் போய்ச் சேர்வதற்குள் அந்தச் செய்தி பழசாகியிருக்கும்.

"நகராதுக்கா. ரொம்ப இழுத்தா பழைய ஒயர் அறுந்துரும். அறுந்தா இந்த வழியும் போச்சு" என்றார் லைன்மேன்.

தங்கை எழுந்தாள். எங்கள் வீட்டில் எல்லா நடுக்கதவுகளும் ஒரே நேர்கோட்டில் இருப்பவை. எல்லாவற்றையும் திறந்துவிட்டால் முன்ஹாலிலிருந்து கடைசி அறை வரை பார்வை போகும். திறக்கச் சொன்னாள். என் மனைவியிடம் முகப் பவுடர் டப்பாவைக் கேட்டாள்.

"இப்ப எதுக்கு மேக்கப்பு?"

"எனக்கில்ல அண்ணி. குழாய்க்கு."

கேபிள் வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று பவுடரைக் குழாய் வாயில் கொட்டி ஊதச் சொல்லிவிட்டு, நடுக்கதவில் போய்ப் பக்கவாட்டில் நின்றாள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, நிலைப்படியில் முதுகைக் கொடுத்துக்கொண்டாள். இடது கை லைன்மேனுக்கு, வலது கை மாப்பிள்ளைக்கு. தள்ளு, இழு, நிறுத்து. மூன்றே சைகைகளை லைன்மேனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு கைகளும் ஒன்றாக அசைந்தன. ஒரு முழம் நகர்ந்தது. நிறுத்து. மறுபடி. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டாவது சுவரில் ஒருமுறை நின்றது. அவள் கொஞ்சம் பின்னால் விடச் சொல்லி, திரும்ப இழுக்க வைத்தாள். இடுப்பு வலியில் அவள் மேலுதடு வியர்த்திருந்தது. உட்கார நாற்காலி கொண்டு போனேன். கண்ணாலேயே விலகச் சொன்னாள். நான் பார்வைக்குக் குறுக்கே நின்றுவிட்டேனாம்.

கடைசி அறைச் சுவரில் நீல நிறக் கேபிள், பவுடர் பூசிக்கொண்டு, தலை நீட்டியது. மாப்பிள்ளை இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினார். அது அவர்களுடைய கைதட்டல். முன்ஹாலில் லைன்மேனும் அப்படியே ஆட்டினார்.

அவள் அறையிலேயே தனியாக ஒரு வைஃபை பெட்டியைப் பொருத்தி முடித்து, லைன்மேன் பையை மூடப் போனார்.

"இருங்க. அந்த முன்ஹால் ரவுட்டர் ஸ்விட்சைக் கழட்டுங்க" என்றாள் தங்கை.

"கழட்டறதுன்னா?"

"ஸ்விட்சே இருக்கக் கூடாது. ஒயரை நேரா இன்வெர்ட்டர்ல சேருங்க. பலகை போட்டு மூடிடுங்க. என் அறையிலயும் அப்படியே."

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "அணைக்கவே முடியாம ஒண்ணு வீட்டுல எரியணுமா? மாமா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்!"

"அப்பா இருந்திருந்தா அவரையும்தான் கழட்டியிருப்பேன் அண்ணி."

மாதக் கடைசிக்கு முன் பொறுப்பாளர் அம்மா ஒரு மணி நேரம் சோதனை அழைப்பு வைத்துப் பார்த்தார். அந்த நேரத்தில் என் மகன் முன்ஹாலில் வேண்டுமென்றே நெட்டில் சினிமா போட்டுப் பார்த்தான். மின்சாரத்தையும் ஒருமுறை மெயினில் நிறுத்திப் பார்த்தான். படம் நிற்கவில்லை.

இனி வருவதை எழுத, பிரசவத்துக்குக் காத்திருந்த அந்தப் பெண்ணே சம்மதம் கொடுத்திருக்கிறாள்.

ஒரு பிற்பகலில் அழைப்பு வந்தது. தங்கை கதவைச் சாத்திக்கொண்டாள். நெடுநேரமாயிற்று. என் மனைவி காபி எடுத்துக்கொண்டு போனவள், முகம் வெளுத்து ஓடிவந்தாள்.

"ஏங்க, உள்ள அவ கத்துறா. வலிக்குதுங்கறா, என்னால முடியலங்கறா. இடுப்புத் தகடு கழண்டுடுச்சோ என்னவோ!"

அவர்கள் தொழிலில், நோயாளி சொல்வதை 'நான்' என்றுதான் சொல்வார்கள். 'அவள் வலிக்கிறது என்கிறாள்' என்று சொல்ல மாட்டார்கள். இதை என் மனைவிக்கு விளக்கிக்கொண்டே போனேன். கதவுக்கு முன் நின்றோம்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றது என் தங்கையின் குரல். அது அவள் குரல்தான். ஆனால் சின்ன வயதுப் பெண்ணுடையது போல் இருந்தது. "என்ன நடக்குதுன்னு சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க."

யாரோ டாக்டர் ஏதோ சொன்னார். தங்கை பேசவில்லை, அப்போது அவள் கைகள் பேசிக்கொண்டிருந்தன என்று அர்த்தம். நாற்காலி கிறீச்சிட்டது. மறுபடி டாக்டர். மறுபடி மௌனம். அந்த மௌனம் ஒவ்வொன்றிலும் நானும் என் மனைவியும் படம் நின்றுவிட்டதோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தங்கையின் வாயில் அந்தப் பெண்ணின் பதில் வந்தது.

பிறகு அங்கே பலர் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை.

"அழுவுதா?" என்று கேட்டது தங்கையின் குரல். "குழந்தை அழுவுதா? யாராவது சொல்லுங்க, அழுவுதா?"

கம்ப்யூட்டரின் சின்ன ஸ்பீக்கரில் அந்த அழுகை, கதவைத் தாண்டி, எங்களுக்கே கேட்டது. உள்ளே அவள் கைகள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தன. கேள்வி திரும்ப வரவில்லை.