வறுத்த சோயா

விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர் பாலம்மாள். பக்கத்து ஷெட் வெடித்துச் சிதறிய அன்று வீட்டுக்கு வந்தவர், மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. பெரிய சத்தம் கேட்டால் இன்றும் இரண்டு கைகளும் காதுக்குப் போய்விடும். எங்கள் பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கல்லை நசுக்கி வலுவை அளக்கும் இயந்திரம் என் பொறுப்பு. அதை நான் ஓட்டினால் அவர் வெளியே போய்விடுவார்.

ஆராய்ச்சி மாணவி யோகேஸ்வரிக்கு கிணற்றுச் சுவர்கள் இடிவதைத் தடுக்க வேண்டும் என்று ஆசை. சோயாவில் ஒரு நொதி இருக்கிறதாம். மாவை ஊறவைத்து வடித்த தண்ணீரில் யூரியாவும் கால்சியம் உப்பும் கலந்து, கிள்ளினாலே உதிரும் அந்தச் சுவர்க் கல்லுக்குள் இறக்கினால், உள்ளே சுண்ணாம்பு படிந்து கல் இறுகும். சோயாவை வீட்டுக்கு எடுத்துப்போய் மாவாக்கிக் கொண்டுவருவது பாலம்மாளின் வேலை.

மூன்று மாதத்தில் நாற்பது கற்கள். அத்தனையும் என் இயந்திரத்தில் சத்தமே இல்லாமல் புட்டு மாதிரி உதிர்ந்தன. "இந்தக் கல்லுக்கு இது ஒத்துவராதும்மா. வெள்ளிக்கிழமையோட முடிச்சுக்கலாம்" என்றார் பேராசிரியர் கனகசபாபதி.

மதியம் யோகேஸ்வரி டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. "கொஞ்சமாச்சும் சாப்பிடு தாயி" என்றார் பாலம்மாள்.

"எல்லாம் சரியாத்தானக்கா செஞ்சேன்? சூடு பட்டா நொதி செத்துரும்னு அந்தத் தண்ணியக்கூட பிரிட்ஜுலதான வச்சேன்?"

பாலம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, நான் சோயாவ வறுத்துல்ல அரைச்சேன்?"

"வறுத்தீகளா? எதுக்கு?"

"வறுக்காம எவ அரைப்பா? பச்சை வாடை அடிக்கும்ல."

அதுவும் சரிதான். வறுக்காதீர்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லையே. நான் கோழை, அதனால் கோழையின் புத்திதான் சொன்னேன். "வாயத் தொறக்காதீக. சார் கோவத்துல வேலைய விட்டு நிப்பாட்டிட்டா, மறுபடி பட்டாசுக்குத்தான் போகணும்."

பட்டாசு என்றதும் அவர் கைகள் காதுக்குப் போய் இறங்கின. "அந்தப் புள்ளையோட மூணு மாசம் மண்ணாப் போச்சே தம்பி" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் அறைக்குள் போய்விட்டார். விஷயம் புரியாமல் யோகேஸ்வரியும், வெட்கத்தோடு நானும் பின்னால் போனோம்.

பாலம்மாள் சொன்னதைக் கேட்ட பேராசிரியருக்கு முகம் சிவந்தது. "எம்புட்டு நேரம் வறுத்தீங்க?"

"பொன்னிறமா வர்ற வரைக்கும் சார்."

யோகேஸ்வரி குபீரென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பேராசிரியர் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு மாசம் பார்ப்போம். ஒங்க வேலையப் பத்தி அதுக்கப்புறம் பேசுறேன்."

அந்த ஒரு மாதமும் பாலம்மாள் பச்சைச் சோயாவையே அரைத்தார். கல்லைச் சோதிக்கும் நாளில் எல்லோரும் வந்து நின்றோம். இந்த முறை அவர் வெளியே போகவில்லை. நான் அழுத்தத்தைக் கூட்டினேன். பழைய கற்கள் உதிர்ந்த இடத்தைத் தாண்டியும் முள் ஏறிக்கொண்டே போனது. திடீரென்று படீர்! கல் உதிரவில்லை, வெடித்து உடைந்தது.

பேராசிரியரே துள்ளிவிட்டார். "அடுத்த மூட்டையையும் நீங்களே அரைங்க. வறுக்காம" என்றார், மூச்சு வந்ததும்.

பாலம்மாளின் கைகள் காதுக்குப் போகவே இல்லை. கண்ணீரைத் துடைக்கவும் போகவில்லை.

"இன்னொரு கல்ல வைங்க தம்பி" என்றார்.